எங்கள் தெருவின் ஒப்புதலை எங்களிடமே கேளுங்கள்

தாமிரபரணிக் கரை ஊர்களின் நகர்மன்றத் தலைவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

எங்கள் வார்டில் மழைநீர் வடிகாலின் இரண்டாம் கட்டப் பணிக்கு நகர்மன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது. பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டத்தில், பொதுமக்கள் இப்பணியை ஏகமனதாக வரவேற்றுள்ளார்கள் என்பதை அந்தத் தீர்மானம் காரணமாகக் காட்டுகிறது. அப்படி ஒரு கூட்டத்தில் எங்கள் தெருவார் யாரும் உட்காரவில்லை. அப்படி ஒரு வரவேற்பை யாரும் தெரிவிக்கவும் இல்லை. முதல் கட்டப் பணி முடிந்த நாளிலிருந்து மழைத் தண்ணீர் வடியாமல் வாசலில் தேங்குகிறது என்பதைத்தான் நாங்கள் வாய் ஓயாமல் சொல்லி வருகிறோம். நாங்கள் கொடுக்காத ஒப்புதலைக் கொடுத்ததாக எழுதி, அந்த எழுத்தின் பலத்தில் பொதுப்பணத்தைச் செலவிடும் முடிவை எங்களால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எங்கள் நகராட்சியின் பெயரையோ, வார்டின் எண்ணையோ, உறுப்பினரின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை. ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டி, அவர் மீது பழியைப் போட்டு முடித்துவிடக்கூடிய குறை அன்று இது. ஆற்றின் மேல்பக்கத்திலும் கீழ்பக்கத்திலும் இருக்கும் நண்பர்களிடம் பேசினால், ஏறக்குறைய இதே கதையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். அதனால் எங்கள் மன்றத்துக்கு எழுத வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலத்தின் மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது என் தொழிலாக இருந்தது. எங்கள் தெருவுக்கு மேற்கே, மேட்டு மட்டத்தில், பாசனக் கால்வாய் ஓடுகிறது. கிழக்கே தாழ்ந்த மட்டத்தில் ஓடை. அதற்கும் அப்பால் ஆறு. கால்வாய்க் கரையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் தெருவின் தென்கோடியில் உள்ள முடுக்கு எனும் குறுகிய சந்து வழியாக, கல் பாவிய ஒரு பழைய மடையில் இறங்கி ஓடையைச் சேர்ந்துகொண்டிருந்தது. தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டபோது அந்த மடை மூடப்பட்டது. சாலை உயர்ந்தது, வீட்டு வாசல்கள் பள்ளத்துக்குப் போயின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இந்தச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தையே ஆறு சூழ்ந்துகொண்டது. எங்கள் வீடுகளின் சுவர்களில் அந்தத் தண்ணீர் விட்டுப்போன செம்மண் தடத்தை வெள்ளையடித்தும் முழுதாக மறைக்க முடியவில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் கட்ட நிதி வந்தது என்று கேள்விப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் வடிகாலின் போக்கை முடிவு செய்தவர்கள் தெருவில் இறங்கி ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. தென்கோடி முடுக்கை விட்டுவிட்டு, வடக்கே சாலைச் சந்திப்பில் உள்ள சிறுபாலத்தை நோக்கி நேர்கோட்டில் வடிகாலைக் கட்டினார்கள். வேலை முடிந்து முதல் மழையிலேயே தண்ணீர் எதிர்த்து வந்தது. எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் கொத்தனார் ஒருவர் ஒரு நாள் மாலை டியூப் மட்டத்தை எடுத்து வந்தார். கண்ணாடி போல் உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையை என்னிடம் கொடுத்து வடிகால் போய்ச் சேரும் வாயில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அவர் முடுக்கின் மூலையில் வைத்துப் பிடித்தார். இடையே எட்டாத தூரத்தை இரண்டு மூன்று இடமாக மாற்றி மாற்றி எடுத்தோம். வடிகாலின் வாய் தெருவின் பள்ளத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, தண்ணி வாட்டத்துக்குத்தான் போவும், எஸ்டிமேட்டு சொல்லுத பக்கம் போவாது" என்றார். கருவியைக் கையாண்டே காலம் கழித்த எனக்கு, அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து பூக்கட்டும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, எந்த வழியாக வடிந்தது, எந்த வீட்டுத் திண்ணையில் யார் யார் தங்கினார்கள் என்பதை இன்றும் கைநீட்டிக் காட்டுவார். அந்த ஆச்சியிடமும் கொத்தனாரிடமும் அரை மணி நேரம் பேசியிருந்தால் வடிகால் தென்பக்கம் திரும்பியிருக்கும். அந்த அரை மணி நேரத்தைப் பொறியாளரின் நல்லெண்ணத்துக்கோ உறுப்பினரின் பெருந்தன்மைக்கோ விட்டுவிடாமல், கட்டாயமாக ஒதுக்கி வைப்பதற்காகத்தான் சட்டம் பகுதி சபையை உண்டாக்கியது.

அந்தச் சபை எங்கள் வார்டில் எப்படி நடந்தது என்பதை நான் ஆவணத்திலிருந்தே சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு விண்ணப்பித்தேன். சட்டம் சொல்லும் 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகே இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாளில் தேதி, இடம், நேரம், வடிகால் பணி வரவேற்கப்பட்டதாக ஒரு வரி, வேறு குறைகள் ஏதும் தெரிவிக்கப்படவில்லை என்று இன்னொரு வரி. இரண்டாம் தாள் முழுக்கக் கையெழுத்து. கூட்டம் நடந்த இடமாகக் குறிக்கப்பட்டிருப்பது சமுதாய நலக்கூடம். அதே நாளில் அதே கூடத்தில் ஒரு சடங்கு வீடு நடந்தது. எங்கள் தெருவே அங்கே போய் மதியம் இலை போட்டுச் சாப்பிட்டுத் திரும்பியது. மேளமும் பந்தியுமாக இருந்த அந்தக் கூடத்தின் எந்த மூலையிலும் சபை கூடியதை யாரும் பார்க்கவில்லை.

கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்க் கேட்டோம். அன்று காலை நியாய விலைக் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நின்றதும், ஒருவர் நோட்டோடு வந்து வார்டு கணக்குக்காக என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போனதும் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோட்டின் மேல்பகுதி மடக்கி வைக்கப்பட்டிருந்தது என்று பீடி சுற்றும் பெண் ஒருவர் சொன்னார். பொருள் வாங்க வந்த இடத்தில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் பொருள் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சமும் தமக்கு இருந்தது என்றார். ஏழைப் பெண்களின் அந்த அச்சத்தை எடுத்து, அதற்கு ஏகமனதான ஒப்புதல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. தெருவார் சிலர் சேர்ந்து இதைப் பற்றி அலுவலகத்தில் கேட்டபோது, கூட்டம் முடிந்துவிட்டது, கையெழுத்து இருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பதிலே கிடைத்தது.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது அன்று. ஆயினும் இம்மடலை எங்கள் தெருவாரும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளை மாநில அரசின் தயவில் நிற்கும் அலுவலகங்களாக இல்லாமல், தன்னாட்சி அமைப்புகளாக ஆக்க முற்பட்டது. பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, குடிசைப் பகுதி மேம்பாடு, சுடுகாடு இடுகாடு வரை 18 பணிகளைப் பட்டியலிட்டது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243-எஸ் பிரிவு சொல்லிற்று. 2011 கணக்கெடுப்பில் நான்கரை லட்சத்தைத் தாண்டிய, 55 வார்டுகள் கொண்ட திருநெல்வேலி மாநகராட்சி அந்தக் கணக்கில் வரும். அம்பாசமுத்திரமும் விக்கிரமசிங்கபுரமும் களக்காடும் வரமாட்டா. ஆனால் பல வார்டுகளைச் சேர்த்து ஒரே குழு அமைக்கலாம் என்ற இடமும் அப்பிரிவிலேயே இருந்ததால், தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மன்ற உறுப்பினர்களே கூடிப் பேசும் மண்டலக் குழுக்களோடு அந்தக் கடமை முடிந்துபோனது. வாக்களித்தவன் உட்கார அங்கே ஒரு பலகைகூட இல்லை.

கிராமங்களின் நிலை வேறு. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் ஓர் ஊராட்சி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி அங்கே கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் அது கூடுகிறது. அவள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். ஆனால் கிராம சபையில் எழுந்து நின்று, மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுதுக்கு எழுதப்பட்ட செலவு ஏன் இவ்வளவு என்று ஒருமுறை கேட்டாள், பதில் சொல்லப்பட்டது, பதிவும் செய்யப்பட்டது. அவளுக்கு இருக்கும் அந்த உரிமை, எழுத்துத் தெரிந்த, வரி கட்டத் தவறாத, பத்து மைல் தள்ளி நகரத்தில் குடியிருக்கும் எனக்கு மிக நெடுங்காலம் சட்டத்திலேயே இல்லை. நகரத்தோடு இணைக்கப்படும் ஊராட்சிகளின் மக்கள், கிராம சபை போய்விடுமே என்று கவலைப்படுவதன் நியாயம் இப்படி வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

2022இல் அந்தக் குறை ஓரளவு நீங்கியது. வார்டு குழு, பகுதி சபை பற்றிய விதிகளை அரசு அறிவித்தது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அப்பகுதியின் வாக்காளர் அனைவரையும் சபையின் உறுப்பினர்களாகக் கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட்ட வேண்டும் என்றது. மன்ற உறுப்பினர் தலைமையில், பகுதி சபைகளின் பிரதிநிதிகளைக் கொண்ட வார்டு குழு இயங்க வேண்டும் என்றது. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழகமெங்கும் நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. 1998இல் இயற்றப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டு நெடுங்காலம் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023இல் விதிகளோடு உயிர் பெற்றது. அரசு செய்த நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மாற்றுத்திறனாளிகளை மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தையும் அப்படியே வரவேற்கிறேன்.

எங்கள் பகுதியின் முதல் சபை உண்மையாகவே கூடியது. ஆரம்பப் பள்ளி மைதானத்தில், வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பலர் நின்றுகொண்டே பேசினார்கள். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குழாயில் கலங்கி வரும் தண்ணீர் என்று தொடங்கி, சாக்கடை கால்வாயில் கலப்பது வரை பேச்சு போயிற்று. கூட்டம் கலைந்த பிறகும் ஆட்கள் கலையவில்லை. சொன்னவற்றில் இரண்டு விளக்குகள் எரிந்தன. மற்றவை என்ன ஆயின என்று அடுத்த கூட்டத்தில் கேட்கக் காத்திருந்தோம். அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு எங்கள் கண்ணில் படவே இல்லை. பின்னர் நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டங்களை நாங்கள் தாளில்தான் சந்தித்தோம்.

மக்கள் வருவதில்லை என்று மன்ற உறுப்பினர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலை நாளில் முற்பகல் 11 மணிக்கு, அறிவிப்பு இல்லாமல், சடங்கு வீடு நடக்கும் கூடத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? சுமை தூக்குகிறவரும், கடையில் நிற்கிறவரும், பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்களும் அந்த நேரத்தில் தம் கூலியை விட்டுவிட்டு வர இயலாது. வந்தால் சத்தம் போடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. மூன்று ஆண்டு தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நடந்தவர்கள் முதல் கூட்டத்தில் குரலை உயர்த்தத்தான் செய்வார்கள். பதில் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் நாலாவது கூட்டத்தில் கணக்குக் கேட்பார்கள். தொழில்நுட்பம் பொதுமக்களுக்குத் தெரியாது என்ற வாதத்துக்கு எங்கள் கொத்தனாரின் டியூப் மட்டமே பதில்.

மனு வாங்குகிறோமே, அது போதாதா என்றும் கேட்கிறார்கள். குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கி, பதில் வரும் என்று காத்திருப்பது இந்த நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழகிய காரியம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுதான் வழி. ஆனால் முடிவு எடுத்த பின்பு குறை சொல்லத்தான் மனு உதவும். அதுவும் தனித்தனி ஆளாக, ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாமல். வடிகால் வடக்கே போக வேண்டுமா தெற்கே போக வேண்டுமா என்பது ஒருவருடைய குறை இல்லை. தெருவார் கூடி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, மறுப்பையும் பேசித் தீர்த்து, வேலை தொடங்குமுன் முடிவெடுக்க வேண்டிய பொதுக் காரியம். அதற்குச் சபைதான் இடம்.

மக்களின் குரலும் மக்கள் பிரதிநிதியின் குரலும் இல்லாமல் ஒரு நகரத்தில் பெரிய வேலைகள் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று 243-யு பிரிவு சொல்லியும், 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தல் இல்லை. தனி அலுவலர்களே ஆண்டார்கள். அந்த இடைவெளியில், 2017 ஜூனில்தான் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி எனப்படும் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சந்திப்புப் பேருந்து நிலையம் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டதும் அந்த இடைவெளியில்தான். ஆண்டுக்கணக்கில் அது திறக்கப்படாமல் கிடந்தபோது, பெட்டிக்கடைக்காரரும் பயணியும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். கேட்க ஒரு மன்றம் இல்லை என்பது அன்றைய நிலை. இன்று மன்றம் இருக்கிறது, சபையும் சட்டத்தில் இருக்கிறது; ஆனாலும் கேட்பதற்கான இடம் நோட்டுப் புத்தகத்துக்குள் மடக்கப்பட்டுவிட்டது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது என்பதையும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இது நமக்குப் புதிய காரியமும் அன்று. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில், ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், அமர்ந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிகள் அதில் வெட்டப்பட்டுள்ளன. எடுத்த பொருளுக்கெல்லாம் மறுப்புச் சொல்லிச் சபையைக் குலைப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் ஒரு விதி. அந்தச் சபை நிலமும் வேதமும் உடைய சிலருக்கே உரியது; உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. ஆகவே அதை முன்மாதிரியாக நான் காட்டவில்லை. சபையின் விதியை ஒளித்து வைக்காமல், வருவோர் போவோர் கண்ணில் படும் இடத்தில் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரசமைப்புச் சட்டம் எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்ட இந்தக் காலத்தில், எங்கள் பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க எனக்கு மேல்முறையீடு தேவைப்பட்டது.

மலைக்கு மேற்கே கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அதை எப்படிச் செலவிடுவது என்று ஊர்க் கூட்டங்களில் பேச வைத்தார்கள். புனே மாநகராட்சி 2006 முதல் தன் வரவு செலவுத் திட்டத்துக்குக் குடிமக்களிடமிருந்து நேரடியாக முன்மொழிவுகளைக் கேட்டு வாங்குகிறது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் நடக்காத கூட்டத்தை நடந்ததாகக் காட்டிய அடிப்படையில் இவை எதுவும் எழவில்லை. தமிழ்நாட்டு விதிகளிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பகுதி சபையின் பிரதிநிதியை அப்பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. எங்கள் பகுதியின் பிரதிநிதி யார் என்பதே எங்களுக்கு அந்த இரண்டு தாள்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் எங்கள் சார்பில் பேச அவரை அனுப்பியவர்கள் நாங்கள் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். முதலாவதும் அவசரமானதும் எங்கள் மன்றத்துக்கு உரியது. இரண்டாம் கட்ட வடிகால் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். நகராட்சிப் பொறியாளரை எங்கள் தெருவுக்கு அனுப்பி, தெருவார் முன்னிலையில், வடிகாலின் வாயிலிருந்து தென்கோடி முடுக்கு வரை மட்டம் எடுத்து, அளவுகளை அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நாங்கள் சொன்னது தவறு என்று மட்டம் காட்டினால் நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். சரியென்று காட்டினால், இருக்கும் நிதியில் முதலில் பழைய மடையைத் திறந்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள். பொதுமக்கள் ஏகமனதாக வரவேற்றார்கள் என்ற காரணத்தைத் தீர்மானத்திலிருந்து நீக்குங்கள். நியாய விலைக் கடை வரிசையில் கையெழுத்து வாங்கப்பட்டது பற்றி விசாரித்து, அந்த விசாரணையின் முடிவை வெளியிடுங்கள். கையெழுத்திட்ட பெண்களை அலுவலகத்துக்கு அழைத்து மிரட்டும்படியாக அந்த விசாரணை அமைந்துவிடக் கூடாது. தேவையானால் தெருவுக்கு வந்து கேளுங்கள்.

மற்றவை எல்லா மன்றங்களுக்கும் உரியவை. பகுதி சபைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, நிகழ்ச்சிநிரலோடு அறிவிப்புச் செய்யுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நியாய விலைக் கடை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் சுவர்களில் ஒட்டுங்கள். தினமும் காலையில் ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாக வரும் குப்பை வண்டியில் அறிவித்தால் செலவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையோ, பீடி கொடுத்துத் திரும்பும் நேரத்துக்குப் பிறகான மாலைப் பொழுதோ பார்த்துக் கூட்டுங்கள். பெண் உறுப்பினரின் வார்டில் அவரே தலைமை ஏற்கட்டும். அவருடைய கணவரோ அண்ணனோ அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்தின் முடிவில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் மறுப்புச் சொல்லியிருந்தால் மறுப்பையும் எழுதுங்கள். அந்தக் குறிப்பின் நகல் ஒரு வாரத்துக்குள் வார்டில் ஒட்டப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, யாரும் கேளாமலே வெளியிட வேண்டியவற்றில் ஒன்றாக இதைச் சேருங்கள். சென்ற கூட்டத்தில் சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்ற அறிக்கையோடு ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குங்கள்.

வார்டில் எந்த வேலைக்கும் மதிப்பீடு தயாராகும் முன்பு அது பகுதி சபையில் வைக்கப்பட வேண்டும். தயாரான பிறகு தொகை, நீளம், ஆழம், முடிக்க வேண்டிய நாள் ஆகியவை வேலை நடக்கும் இடத்தில் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். நடைபெறும் பணியைப் பார்வையிடவும் பொருள்களின் மாதிரியை எடுக்கவும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு இடம் தந்திருக்கிறது என்பதை உங்கள் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்த எங்கள் தெரு இளைஞர்களை விரட்டியது போல் இனி நடக்க வேண்டாம். பகுதி சபைப் பிரதிநிதிகளின் பெயர்களை வார்டு வாரியாக வெளியிடுங்கள். அடுத்த நியமனத்தின்போது, சபையில் மக்கள் முன்மொழிந்து தேர்ந்தவரையே நியமிப்பது என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். விதியையே திருத்தி, பிரதிநிதியை வாக்காளரே தேர்ந்தெடுக்க வழி செய்யுமாறு மாநில அரசைக் கேட்டும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதற்கான அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இம்மடலுக்கான பதிலை எனக்குத் தனிக் கடிதமாக அனுப்ப வேண்டாம். எங்கள் பகுதி சபையை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூட்டி, நிகழ்ச்சிநிரலில் முதற்பொருளாக இதை வைத்து, தெருவார் அனைவர் முன்னிலையிலும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கால்வாய்க் கரைத் தெருவாசி, ஓய்வுபெற்ற நில அளவையர்,
திருநெல்வேலி மாவட்டம்